ராஸ் கடலுக்கு அடியில் என் இரவுகள்

அண்டார்டிகாவுக்கு நான் போனதில்லை, போகப்போவதும் இல்லை. டிசம்பரில் ஊட்டியில் இரண்டு நாள் தங்கினாலே எனக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும். ஆனாலும் ஒன்றரை வருடமாக, இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும் நான் கிளம்பிப் போகிற இடம் ராஸ் கடல்தான். நியூசிலாந்துக்குத் தெற்கே, அண்டார்டிகாவின் விலாவில் யாரோ ஒரு கடி கடித்ததுபோல உள்வாங்கியிருக்கும் கடல். பென்குவின்களையும் பனிமலைகளையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் போவது கடல் தரைக்கும் கீழே, கிலோமீட்டர் கணக்கில் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கும் மண்ணுக்குள்.

முதல் நாள் என் மடிக்கணினியை எட்டிப் பார்த்த மனைவி, "ஏங்க, கேபிள் போன டிவி மாதிரி இருக்கு, இதையா இவ்வளவு நேரம் பாத்துட்டிருக்கீங்க?" என்றாள். நியாயமான கேள்விதான். திரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக மெல்லிய வரிகள். சில நேராக ஓடின, சில சரிந்தன, சில பாதியில் நின்றன. "இதோ இந்த இடத்துல சாஞ்சு வர்ற கோடெல்லாம் சீவின மாதிரி நின்னு போகுது பாரு. பனி வந்து சீவிட்டுப் போயிருக்கு" என்றேன். "எப்போ?" "ஒன்றரைக் கோடி வருஷம் இருக்கும்." அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். நான் மணி இரண்டரை வரை உட்கார்ந்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேலை பார்த்த முப்பது வருடத்தில் எதற்காகவும் நான் இப்படித் தூக்கம் கெட்டதில்லை.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியில் எம்.எஸ்சி. ஜியாலஜி படித்தேன். வேலை கிடைத்தது வங்கியில். கல்லூரியில் கடைசி வருடம் ஒருநாள், காவிரிப் படுகையின் சைஸ்மிக் படம் ஒன்றைப் பேராசிரியர் மேசை நீளத்துக்கு விரித்து வைத்தார். வண்ணப் பென்சிலால் ஒவ்வொரு அடுக்காகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். "பென்சிலை நல்லா சீவிட்டு வாடா. மொக்கைப் பென்சில்ல கோடு போட்டா பத்து லட்சம் வருஷம் தப்பாப் போயிடும்" என்றார். அந்த வாக்கியம் எனக்குள் முப்பது வருடம் பத்திரமாக இருந்திருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு, ஏதோ தேடப் போன இடத்தில் அண்டார்டிகாவின் சைஸ்மிக் தரவுகள் பொதுவில் கிடைக்கின்றன என்று தெரிந்ததும், பென்சிலைச் சீவத் தொடங்கிவிட்டேன்.

சைஸ்மிக் என்றால் மிரள வேண்டாம். சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? அதே வேலைதான். கப்பலின் பின்னால் தண்ணீருக்குள் ஏர்கன் என்ற காற்றுத் துப்பாக்கியை இழுத்துப் போவார்கள். அழுத்தி அடைத்த காற்றைச் சில நொடிகளுக்கு ஒருமுறை அது சட்டென்று வெளியே விடும். 'டொப்' என்ற அந்தச் சத்தம் கடல் தரையில் மோதிக் கொஞ்சம் திரும்பும். மீதி உள்ளே இறங்கும். களிமண்ணிலிருந்து மணலுக்கு, மணலிலிருந்து பாறைக்கு என்று பொருள் மாறுகிற ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். பின்னால் நீளமாக மிதந்து வரும் ஸ்ட்ரீமர் கேபிளில் உள்ள ஹைட்ரோஃபோன்கள் அத்தனை எதிரொலியையும் பிடித்துக்கொள்ளும். ஒரே புள்ளியிலிருந்து பல கோணங்களில் வந்த எதிரொலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் இரைச்சல் அமுங்கி அடுக்கு தெளியும். படத்தில் மேலிருந்து கீழே இருப்பது மீட்டர் கணக்கு அல்ல, நொடிக் கணக்கு: சத்தம் போய்த் திரும்பிய நேரம். தண்ணீரில் ஒரு நொடி என்றால் சுமார் 750 மீட்டர் ஆழம். கெட்டிப்பட்ட படிவுகளில் அதே ஒரு நொடி ஒரு கிலோமீட்டரையும் தாண்டும்.

இனி ராஸ் கடலுக்கு வருவோம். ஏன் அங்கே? அது ஒரு பிளவுப் படுகை. மேற்கு அண்டார்டிகாவைப் பூமி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்ததில் ஓடு மெலிந்து, நடுவில் தொய்ந்து, பள்ளங்கள் விழுந்தன. கிரிட்டேசியக் காலத்தில், பத்துக் கோடி ஆண்டு வாக்கில் தொடங்கிய இழுவை அது. பிறகு ஓய்ந்து, மறுபடி தொடங்கி, மேற்கோரத்தில் இன்னும் முழுதாக அடங்கவில்லை. அந்த ஓரத்தில்தான் எரபஸ் எரிமலை, 3,794 மீட்டர் உயரத்தில், உச்சிக் குழியில் எரிகுழம்பு கொதிக்க நிற்கிறது. பக்கத்திலேயே டிரான்ஸ் அண்டார்டிக் மலைத்தொடர், பிளவின் கரைச்சுவர் போல. அதன் காலடியில் என் செல்லப் பள்ளம், விக்டோரியா லேண்ட் படுகை. அதன் ஆழமான இடத்தில் படிவுகளின் தடிமன் 14 கிலோமீட்டர் வரை போகும் என்று 1980களில் கணித்தார்கள். எவரெஸ்ட்டைத் தூக்கி உள்ளே போட்டாலும் மேலே ஐந்து கிலோமீட்டர் மண் மூடும்!

மலை தேய்ந்த மண்ணெல்லாம் வேறெங்கும் போகாமல் பக்கத்துப் பள்ளத்திலேயே விழுந்து, வரிசையாக, ஒழுங்காகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. பள்ளம் இறங்க இறங்க மண் நிரம்பியது. மண் நிரம்ப நிரம்பப் பள்ளம் இன்னும் இறங்கியது. அண்டார்டிகாவின் தரைமேல் இருந்த பழைய வரலாற்றில் பெரும்பகுதியைப் பனி வழித்தெறிந்துவிட்டது; மீதிக்கு மேலே கிலோமீட்டர் கணக்கில் பனி ஏறி உட்கார்ந்திருக்கிறது. பனியின் கதையைத் தேட வேண்டுமானால் அது தன் குப்பையைக் கொட்டிய இடத்துக்குத்தான் போக வேண்டும். அந்தக் குப்பைக்கூடை இந்தப் படுகை.

இந்தத் தரவுகள் என் கைக்கு வந்த கதையும் சாதாரணமல்ல. 1973இன் தொடக்கத்தில் குளோமார் சேலஞ்சர் என்ற துளையிடும் கப்பல் ராஸ் கடலில் நான்கு இடங்களில் துளை போட்டது. பனி இங்கே இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே வந்துவிட்டது என்று அந்தத் துளைகள் காட்டின. கூடவே மீத்தேன், ஈத்தேன் வாயுக்களின் தடயமும் கொஞ்சம் வந்தது. உலகம் எண்ணெய்க்குத் திண்டாடிய வருடமும் அதே 1973தான். பிறகு கேட்பானேன்? 1980இல் மேற்கு ஜெர்மானியர் வந்தார்கள். 1982இல் பிரெஞ்சுக்காரரும் ஜப்பானியரும், 1984இல் எஸ்.பி. லீ கப்பலில் அமெரிக்கர், 1987இல் சோவியத்துகள், அடுத்த வருடம் எக்ஸ்ப்ளோரா கப்பலில் இத்தாலியர். பனிப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஒருவர் கப்பல் ஓட்டி அளந்த கோட்டின் குறுக்கே இன்னொருவர் கோடு போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பிறகு வந்தது 1991. அண்டார்டிகாவில் கனிமம் தோண்டவே கூடாது என்ற மாட்ரிட் நெறிமுறை கையெழுத்தானது அந்த வருடம்தான். அண்டார்டிக் ஒப்பந்த நாடுகள் அதே வருடம் இன்னொன்றும் பரிந்துரைத்தன: சைஸ்மிக் எடுத்த எவரும் நான்கு ஆண்டுக்குள் அதைப் பொது நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும், எட்டு ஆண்டு கழித்து அது எல்லோருக்கும் திறக்கப்படும். அந்த நூலகம் இன்று இத்தாலியின் ட்ரியஸ்தே நகரில், ஓ.ஜி.எஸ். நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. எண்ணெய்க் கண்ணோடு எடுத்ததும் அறிவியலுக்காக எடுத்ததும் அங்கே ஒரே அலமாரியில். சோவியத் கோடும் அமெரிக்கக் கோடும் ஒரே படத்தில் வெட்டிக்கொள்ளும் புள்ளியில், இரண்டிலும் ஒரே அடுக்கு ஒரே நொடியில் வந்து பொருந்தும் பாருங்கள், அந்தக் கணம் எனக்குக் கைதட்டத் தோன்றும். ஒருமுறை நள்ளிரவில் தட்டியும் விட்டேன்.

எடுத்த எடுப்பிலேயே எல்லாம் இனித்துவிடவில்லை. முதல் சங்கடம் வரைபடத்தில். கோடுகளின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைப் போட்டதும் பாதிக் கோடுகள் உலகத்தின் இடது ஓரத்திலும் மீதிப் பாதி வலது ஓரத்திலும் போய் நின்றன. கோப்பு கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் புலம்பினேன். ராஸ் கடலை 180 பாகைத் தீர்க்கரேகை நடுவே பிளந்துகொண்டு போகிறது என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. நாம் பள்ளியில் பார்த்த உலகப் படத்தை மறந்துவிட்டு, துருவத்தை நடுவில் வைத்து வரையும் படத்துக்கு மாறியதும் எல்லாம் ஒட்டிக்கொண்டது. சைஸ்மிக் தரவு அடங்கிய செக்-ஒய் கோப்புகளைத் திறக்க ஓப்பன்டிடெக்ட் என்ற இலவச மென்பொருள் போதும். வங்கியில் கணக்குப் பார்த்த கைக்கு அது பழக ஒரு மாதம் பிடித்தது.

இரண்டாவது சங்கடத்தைச் சொல்ல இன்றும் கூசுகிறது. ஒரு கோட்டில், கடல் தரைக்கு வெகு கீழே, பளிச்சென்று ஓர் அடுக்கு. சரிவான மற்ற அடுக்குகளையெல்லாம் வெட்டிக்கொண்டு ராஜா மாதிரி போகிறது. ஆகா, பனி சீவிய தளம் சிக்கிவிட்டது என்று ஒரு வாரம் உட்கார்ந்து, கோடு கோடாக அதைப் பிடித்துக்கொண்டு போனேன். எட்டாம் நாள் சும்மா கணக்குப் போட்டேன். கடல் தரை 0.7 நொடியில், என் ராஜா 1.4 நொடியில். தரை சரிகிற பக்கமெல்லாம் அதுவும் சரிகிறது, சரியாக இரண்டு மடங்கு. அடடா! அது அடுக்கே இல்லை. தரையில் மோதி மேலே வந்த சத்தம் நீர்மட்டத்தில் பட்டு மறுபடி கீழே போய், இரண்டாம் முறை திரும்பி வந்த பொய் எதிரொலி. தொழிலில் இதை மல்டிபிள் என்பார்கள். ராஸ் கடலில் இதன் தொல்லை ரொம்ப அதிகம், ஏனென்றால் அங்கே கடல் தரை பனிப்பாளத்தின் எடையால் அமுங்கிக் கல்போல இறுகிப்போய்க் கிடக்கிறது. சத்தத்தை உள்ளே விடாமல் திருப்பித் திருப்பி அடிக்கிறது. என் ஒரு வார உழைப்பு வீண். ஆனால் யோசித்துப் பார்த்தால், எப்போதோ அங்கே ஏறி நின்ற பனியின் எடைதானே என்னை ஏமாற்றியிருக்கிறது? கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

பொய்யைப் பிரிக்கத் தெரிந்த பிறகு பாருங்கள், எப்பேர்ப்பட்ட விருந்து! வரிகள் சீராக, இணையாக, வீச்சு பரோட்டாவின் ஏடுகள்போல் ஓடினால், அங்கே அமைதியான கடலில் சேறும் நுண்ணுயிர் ஓடுகளும் மெல்லப் படிந்திருக்கலாம். வரியே இல்லாமல் கொத்து பரோட்டா போலச் சிதறிக் கிடந்தால், பனி அரைத்துத் தள்ளிய களியும் கல்லும் கலந்த குவியலாக இருக்கலாம். ஆப்பு வடிவில் ஒரு மேடு, அதற்குள் சாய்ந்த வரிகள் கடலைப் பார்த்துச் சரிந்தால், பனிப்பாளத்தின் நுனி அந்த இடத்தில் தரையில் ஊன்றி நெடுங்காலம் நின்று மண்ணைக் கொட்டியிருக்கிறது. கடல் தரையில் பற்பல வெட்டுக்காயங்கள் தெரிந்தால், பனிமலைகளின் அடிப்பாகம் உழுதுவிட்டுப் போன சால்கள். இன்னொரு விசித்திரம்: மற்ற கண்டங்களில் கரையிலிருந்து போகப்போகக் கடல் ஆழமாகும், இங்கே கரைப்பக்கம் ஆழம், வெளிப்பக்கம் மேடு. பனி உள்ளே சுரண்டி வெளியே கொட்டியதன் அடையாளம் அது.

இந்த அடுக்குகளுக்கு நடுவே பெரிய வெட்டுத் தளங்கள் ஆறு. ஆர்.எஸ்.யு. ஒன்று முதல் ஆறு வரை பெயர். ஒன்று இளையது, ஆறு மூத்தது. பல நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் கோடுகளையெல்லாம் மேசைமேல் வைத்து, ஒருவருக்கொருவர் ஒத்துப்போகிற வரை சரிபார்த்து, 1995இல் அவற்றை ஓர் அட்லஸாகவே வெளியிட்டார்கள். நான் கோடு பிடிக்கும்போது ஒரு பக்கம் அந்த அட்லஸ் படத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன், நோட்ஸ் வைத்துப் பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி.

ஆனால் சைஸ்மிக் வடிவத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது. அதற்குத் துளைதான் போட வேண்டும். இதில் எனக்கு மிகப் பிடித்தது கேப் ராபர்ட்ஸ் திட்டம். படுகையின் மேற்குக் கரையில் அடுக்குகள் கிழக்கே சரிந்து கிடக்கின்றன. கரையை நோக்கிப் போகப்போகப் பழைய அடுக்குகள் தரைக்கு அருகே வந்துவிடும். விரித்துச் சாய்த்த சீட்டுக்கட்டு போல. ஆகவே ஆழமாக ஒரே துளை போடாமல், இடம் மாற்றி மாற்றி மூன்று துளை போட்டாலே பழங்காலத்துக்குப் போய்விடலாம் என்று சைஸ்மிக் படத்தைப் பார்த்தே முடிவு செய்தார்கள். 1997 முதல் 1999 வரை, ஏழு நாடுகள் சேர்ந்து, உறைந்த கடலின் மேல், சுமார் இரண்டு மீட்டர் தடிமனே உள்ள பனியின் மீது துளை எந்திரத்தை நிறுத்தி வேலை நடந்தது. மூன்றாம் துளை 939 மீட்டர் இறங்கியது.

அங்கேதான் திருப்பம். படத்தின் அடியில் தெரிந்த அடுக்குகள் கிரிட்டேசியக் காலத்தவையாக இருக்கலாம், பிளவு தொடங்கிய கதை கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். துளை சுமார் 3.4 கோடி ஆண்டு வயதுள்ள மண்ணைத் தாண்டியதும், அடுத்து வந்தது டெவோனியன் காலத்து பீக்கன் மணற்கல், முப்பத்தைந்து கோடி ஆண்டுக்கும் மேல் வயதான பாறை! நடுவில் முப்பது கோடி ஆண்டுகளைக் காணோம். அதே பீக்கன் மணற்கல் பக்கத்து மலைகளின் உயரத்தில் வெயில் காய்கிறது. ஒரே பாறையின் ஒரு பாதி மேலே, ஒரு பாதி கடலடியில். பிளவு எவ்வளவு இழுத்து இறக்கியிருக்கிறது என்பதை இதைவிட எளிதாக யார் காட்ட முடியும்? படத்தில் அது ஒரே ஒரு கோடு. என் விரல் அந்தக் கோட்டின்மேல் இருக்கும்போது முப்பது கோடி வருடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பில் உடம்பு சிலிர்க்கும்.

ஆண்ட்ரில் என்ற இன்னொரு துளைத் திட்டத்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2006-07 கோடையில் மெக்மர்டோ பனித்தட்டின் மேலிருந்து, பனியையும் அதன் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் கடல்நீரையும் தாண்டி, தரைக்குள் 1,285 மீட்டர் இறங்கினார்கள். அதில் 98 சதவீதம் மண்தூணாக முழுசாகக் கைக்கு வந்தது. பனி அரைத்த கல்மண், அதன்மேல் திறந்த கடலில் வாழும் டயாட்டம் பாசிகளின் ஓடு, மறுபடி கல்மண், மறுபடி ஓடு. பிளையோசீன் காலத்தில் அந்தப் பனி சுமார் 40,000 ஆண்டுக்கு ஒருமுறை வந்து வந்து போயிருக்கிறது. பூமியின் அச்சு சாய்ந்து நிமிரும் தாளமும் அதேதான். அதற்கடுத்த கோடையில் இன்னொரு துளை, 1,138 மீட்டர். மெக்மர்டோ பகுதியில் கடல்பனியின் மேலேயே சைஸ்மிக் எடுத்த விதம் கேளுங்கள்: பனியில் துளை போட்டு ஏர்கன்னைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள்; ஒலி வாங்கும் ஜியோஃபோன்களைக் கயிற்றில் கோத்துப் பனிமேல் தரதரவென இழுத்துக்கொண்டு போனார்கள். கப்பல் போக முடியாத இடத்தில் இப்படியும் ஒரு வழி!

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. 2018இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் ராஸ் கடலில் துளையிட்டது. அதில் ஓர் இடத்தில் 650 மீட்டர் இறங்கி எடுத்த மண்ணில், சுமார் 1.77 கோடி ஆண்டுக்கு முன் மேற்கு அண்டார்டிகாவிலிருந்து சுரண்டி வரப்பட்ட படிவு கிடைத்தது. அப்போது அங்கே பெரிய பனிப்பாளம் இருந்திருக்கிறது. அது உட்கார்ந்திருந்த நிலமும் இன்றைக்கு இருப்பதைவிட உயரமாக இருந்திருக்கிறது. சைஸ்மிக்கில் அளந்த படிவுகளையெல்லாம் கணக்கில் திரும்ப அள்ளி நிலத்தின் மேலேயே வைத்துப் பார்த்தால் பழைய மலைகளும் மேடுகளும் எழுந்து வருகின்றன. பனி தான் உட்கார்ந்த திண்ணையைத் தானே இடித்து இந்தப் படுகையில் கொட்டிவிட்டு, இன்று கடல் மட்டத்துக்குக் கீழே, சற்றே சூடான கடல்நீர் புகுந்தாலும் தாங்காத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த மேற்குப் பனியில் நிலைகுலையக்கூடிய பகுதி கரைந்தால் உலகக் கடல் மட்டம் மூன்று மீட்டருக்கு மேல் ஏறும். எத்தனை மண் போயிற்று, எப்போது போயிற்று என்பது தெரியாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

காவிரிப் படுகையும் ஒரு பிளவுப் படுகைதான். கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்து இந்தியா அண்டார்டிகாவைவிட்டுப் பிரிந்த காலத்தில் பிறந்தது. அன்றைக்குப் பேராசிரியர் விரித்த காகிதத்திலும் இதே சாய்ந்த பாளங்கள், இதே பள்ளமும் முகடும். பழகிய எழுத்தில் வேறொரு ஊரின் கதையைப் படிப்பதுபோல இருக்கிறது எனக்கு. அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

நிலவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. புராஜெக்டுக்குத் தரவு கிடைக்கவில்லை என்று அலையாதீர்கள். பல நாட்டுக் கப்பல்கள் பனியில் இடித்துக்கொண்டு எடுத்த கோடுகள் ட்ரியஸ்தேயில் காத்திருக்கின்றன. பதிவு செய்து கேளுங்கள், மென்பொருளும் காசில்லாமல் கிடைக்கும். என்னைப்போல் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கும் இதே அழைப்புதான். உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கடல் தரை எத்தனை நொடியில் இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அதன் இரண்டு மடங்கு நேரத்தில் எவ்வளவு அழகாக ஓர் அடுக்கு வந்தாலும் நம்பாதீர்கள்.